0.1 + 0.2

கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நெட்வொர்க், செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் கேட்க மாட்டேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்வேன். திரையில் 0.30000000000000004 என்று வரும். கணினியில் ஏதோ கோளாறு என்பார்கள் சிலர். (பொறியியல் பட்டதாரிகள்தான்!)

கோளாறு எதுவும் இல்லை. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போவதுபோல, கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் பத்தில் ஒன்று முடிவதே இல்லை. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். எப்படி வெட்டுவது என்பதற்கு 1985-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 754 என்ற தரநிலை வந்தது. அதில் பெரும்பங்கு வகித்த வில்லியம் கஹான் 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்பவர்களுக்கு 1991 பிப்ரவரி 25-ஐ நினைவூட்டுவேன். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த, எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டுகளுக்குள் (24 இரும இலக்கங்களுக்குள்) வெட்டிக் கணக்கிட்டது. சுமார் 100 மணி நேரம் ஓடியதில் கடிகாரம் 0.34 விநாடி பிசகியது. பாய்ந்து வந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையை அது வேறு இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

அதனால்தான் எங்கள் நிரலில் ரூபாயே கிடையாது. எல்லாம் பைசா, அதுவும் முழு எண்ணில்.