ஓட்டுநரின் உறக்கமும் கூலிக் கணக்கும்

நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக டிரிப் கணக்கு எழுதி வருகிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் இப்போது அதிகமாகப் பேசும் சமூக நிலைத்தன்மையை, அதாவது தொழிலாளர் நலனைக் காத்துத் தொழில் நடத்துவதை, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைக் கொண்டே நான் அளக்கிறேன்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே பொது வரம்பு வகுத்தது. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கத்தில், வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓட்டுநருக்கு இழப்பு என்பதால், சரக்கு ஏற்ற ஆலை வாசலில் ஒன்றரை நாள் காத்துக் கிடந்தவர், இழந்ததை ஈடுகட்ட இரவெல்லாம் ஓட்டுகிறார். பொறுப்பற்ற ஓட்டம் என்று அவரைக் கண்டிக்கும் நாம், அந்த நடத்தையை வளர்த்தது நமது கூலிமுறை என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

எங்கள் அலுவலகத்தில் வண்டி காத்திருக்கும் நேரத்துக்கும் படிப்பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பிரேக் கோளாறையும் டயர்த் தேய்மானத்தையும் ஓட்டுநர்கள் தாங்களாகவே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னால் வண்டி பட்டறையில் நிற்கும், கூலி போய்விடும் என்று முன்பு மறைத்தவர்களும் அவர்களேதான். எத்தனை எச்சரிக்கைக் கடிதங்கள் கொடுத்தும் வராத மாற்றம் இது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டதை மனமார வரவேற்கிறேன். பழைய வண்டிகளை ஓட்டுபவர்களுக்கோ, சரக்கு இறக்கும் இடத்தில் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் படுக்க நிழலும் உடனே வேண்டும். ஆலைகளோடு போடும் ஒப்பந்தத்திலேயே லாரி உரிமையாளர்கள் இவற்றைக் கேட்டு எழுதி வாங்கலாம்.