பாராயண ஆச்சிகளோடு கோர்ட்டுக்குப் போனேன்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெண் புருஷனிடம் அடிபட்டால் முதலில் காதில் விழுவது, "பொறுத்துப் போ, சாமி பார்த்துக்கும்" என்பதுதான். எனக்கும் அதையே சொன்னார்கள். முன்வினை என்றார் ஒரு பெரியவர். ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்குப் போடச் சொன்னார் இன்னொருவர். மனசாரப் போட்டேன். அடி நிற்கவில்லை.

கொப்புடையம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பாராயணம் செய்யும் பெண்களில் நானும் ஒருத்தி. என் கையில் இருந்த காயத்தைப் பார்த்த ஆச்சி ஒருவர், எல்லார் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, "எந்நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு ஆத்தா" என்றார். ஒரு ராத்திரி பிள்ளையோடு போய்த் தட்டினேன். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, சீர் எழுதிய சிட்டை எல்லாம் ஏற்கெனவே அவர் சாமி வீட்டு அலமாரியில் இருந்தன. நீங்களும் காகிதங்களை முன்கூட்டியே நம்பகமான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்தோம். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொன்னார்கள். அங்கிருந்து சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர். நான் சொல்லச் சொல்ல அவர் அறிக்கை எழுதி, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மனுவும் தயாரிக்க உதவினார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு என் பேரில் இல்லாவிட்டாலும் அதில் குடியிருக்க எனக்கு உரிமை உண்டு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையே சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். கோயிலில் கற்பூரம் அணைத்து என் புருஷன் சத்தியம் செய்துவிடுவாராம், நான் திரும்பிப் போக வேண்டுமாம். ஆச்சி அசையவில்லை. "சத்தியத்தைக் கோர்ட்டுல எழுதிக் கொடுக்கட்டும். அம்பாளைச் சாட்சிக்கு இழுக்காதீங்க." அத்தனை பக்தி உள்ள ஒருவர் வாயிலிருந்து அது வந்ததால்தான் என் மனதில் இருந்த பாவ பயம் போனது. கவுன்சலிங்கில் எத்தனையோ பேசினார்கள். அந்தப் பயத்தை மட்டும் யாராலும் எடுக்க முடிந்ததில்லை.

மனுக்களை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். என் வழக்கு அதைவிட இழுத்தது. ஆனால் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன்பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை. சீர்ச் சாமான்களைத் திருப்பிக் கேட்டபோது எங்கள் ஊர் வழக்கம் கைகொடுத்தது. கரண்டி வரைக்கும் சிட்டையில் எழுதியிருந்தது. வெள்ளிச் சாமான், எவர்சில்வர் அடுக்கு எதையும் "வரவே இல்லை" என்று சொல்ல அவர்களால் முடியவில்லை.

பாராயணக் குழுவோ ஜெபக்கூட்டமோ, உங்களோடு இப்படி ஒரு பெண் இருந்தால் வாய்தா நாளில் இரண்டு பேராவது கூடப் போங்கள். கேஸைக் கூப்பிட மதியம் தாண்டலாம். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எதிர்த்தரப்பு ஆட்கள் கூட்டமாக நிற்கும் வராண்டாவில் அவளைத் தனியே உட்கார விடாதீர்கள்.