கூண்டில் நிற்பவரிடம் கேள்வி கேட்பது

சாட்சியச் சட்டத்தை நடத்துவது பெரிய கஷ்டமில்லை, குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். தருமபுரியில் சட்ட மாணவர்களுக்கு இரண்டையும் நடத்துகிறவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். பிரிவுகளைப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் உருப்போட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 அன்று 1872ஆம் வருடச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்தபோது திண்டாடியதெல்லாம் ஆசிரியர்கள்தான். மரண வாக்குமூலம் 32இலிருந்து 26க்குப் போய்விட்டது, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய 65பி இப்போது 63, காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருளைக் கைப்பற்றும் அந்தப் பிரபலமான 27 இப்போது 23ஆம் பிரிவின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்பதால் இரண்டு எண்களையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சரி, அது மனப்பாட சமாச்சாரம்.

எங்கள் மாணவர்கள் பலர் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள், நிறையப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. சினிமா பார்த்த தோஷமோ என்னவோ, குறுக்கு விசாரணை என்றதும் குரலை உயர்த்திவிடுகிறார்கள்.

ஒரு மாதிரி விசாரணையில் விடுதிச் சமையல்காரரை அ.சா.1 ஆக, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சியாக நிறுத்தினோம். ராத்திரி நேரம் கேழ்வரகுக் காட்டு வரப்பில் அடிதடி, அவர் பார்த்தார், அவ்வளவுதான் கதை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு மாணவன் எழுந்தான். "எவ்வளவு தூரத்துல இருந்து பார்த்தீங்க?"

"ஒரு கூப்பிடு தூரம் தம்பி."

"அதெல்லாம் வேணாம், மீட்டர்ல சொல்லுங்க."

"பத்து மீட்டர் இருக்கும்."

தன் கட்சிக்காரர் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டது புரியாமல் அவன் சத்தமாக வாதாட ஆரம்பித்தான். கூட இருந்த மாணவி அவனை உட்காரவைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணா, நீங்க நின்னது இந்த இடம்னு வெச்சுக்குங்க. சண்டை நடந்தது எதுவரைக்கும் இருக்கும்? கை காட்டுங்க." அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைத் தாண்டி மதில் ஓரத்துப் புளியமரத்தைக் காட்டினார். "அங்க விளக்கு ஏதாவது இருந்துச்சா?" "காட்டுல ஏது பாப்பா விளக்கு?" அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண், கூப்பிடு தூரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். சாட்சி மீட்டர் கணக்கில் பொய் சொல்லவில்லை, அவருக்கு அந்த அளவு பழக்கமில்லை, அவ்வளவுதான். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, நாங்களோ ஆங்கிலத் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு நடத்துகிறோம். அதனால் இப்போதெல்லாம் "நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று கோர்ட்டில் எழுதுகிற மாதிரியே வாக்குமூலத்தை எழுதவைக்கிறேன். ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்கலாமா என்பதற்கு 1957இன் வடிவேலு தேவர் வழக்கைச் சொல்வேன். எண்ணிக்கை முக்கியமில்லை, தரம்தான் முக்கியம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தரத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்குத்தான் புளியமரம் வேண்டியிருக்கிறது.

வாச்சாத்தி வழக்கை இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நடத்தாமல் இருக்க முடியாது. 1992இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்துச் சனங்களை அடித்து, பெண்களைச் சீரழித்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றத்தில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகள், ஊழியர்களில் இறந்துபோனவர்கள் போக மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. இத்தனை வருடம் கழித்து ஒரு மலையடிவார கிராமத்துச் சனங்களின் வார்த்தை நின்றது என்றால், அது எப்படி நின்றது என்று பிள்ளைகள் படித்தாக வேண்டும். 2023இல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்வதற்கு முன்னால் உயர் நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார் என்று சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் இந்த டைரி விவகாரம். பார் கவுன்சில் பாடத்திட்டப்படி இரண்டு வழக்கு விசாரணைகளைக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும், 30 மதிப்பெண். பாதிப் பேர் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள், கோர்ட் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். அதனால் நான் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: சாட்சி பதில் சொல்லத் தயங்கிய கேள்வி எது, ஏன் தயங்கினார்? போன பருவத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள். காப்பிதான் என்று பிடித்து விசாரித்தால், நிஜமாகவே ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன் சாட்சிக்குப் பயம் என்கிறான், இன்னொருத்தன் இல்லை சார், அந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை என்கிறான். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.