நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு பேச்சு

போன சனிக்கிழமை மாமாவின் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். தம்புள்ளைப் பக்கத்திலிருந்து வெங்காயம் செய்கிற ஐயா ஒருவர் வந்திருந்தார். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்.

"எங்கட அறுவடை நேரம் இந்திய மூட்டை கப்பலில வந்து இறங்கினா நாங்க எங்க போறது?"

"அதுக்குத்தானே வரி கூட்டுறாங்க" என்றார் மாமா.

"கூட்டுறது நாங்க வந்த விலைக்கு வித்து முடிஞ்ச பிறகு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இந்தியாவோடு ஒழுங்கான ஒப்பந்தம் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றேன். அவர் கோபப்படாமல்தான் சொன்னார்: "நீங்க தமிழ் ஆக்கள். அப்படித்தானே சொல்லுவீங்க."

வீட்டுக்குப் போயும் அந்தச் சொல் நெஞ்சில் கிடந்தது. இந்தியாவோடு வியாபாரம் என்று நாங்கள் பேசினாலே அது இனப் பேச்சாகிவிடுகிறது. இலங்கையும் இந்தியாவும் 1998இல் கையெழுத்திட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதை விரிவாக்க இருந்த உடன்படிக்கை 2008இல் கையெழுத்தாகாமலே நின்றுபோனது. 2016இல் எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தப் பேச்சு இந்தியாவோடு எழுந்தபோது, இந்திய வைத்தியர்கள் வந்து குவிவார்கள் என்று அரச வைத்தியர்களின் சங்கமே எதிர்த்தது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாற்றி ஏற்றும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும்தான். அதைப் பற்றி யாரும் பயந்து நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஐயாவின் பயத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2022இல் எங்களிடம் டொலர் இல்லாதபோது கடனாகவும் வேறு வழிகளிலும் சுமார் 400 கோடி டொலர் தந்தது இந்தியா. மருந்தும் டீசலும் அரிசியும் வந்தன. அந்த நன்றி எனக்குள் இருக்கிறது. அதே இந்தியா 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. மாமாவின் கடையில் மூட்டை அடுக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் வேலையில்லாமல் வாசலில் குந்தியிருந்தார்கள். எங்கள் நாடும் அப்படித்தான், நினைத்த நேரத்தில் இறக்குமதி வரியை ஏற்றி இறக்குகிறது. ஒரே இரவில் கதவைச் சாத்துகிற அயல்வீட்டாரை யார் நம்புவது?

எனக்கு ஒப்பந்தம் வேண்டும். அதில் வெங்காயத்தைப் பற்றியும் ஒரு வாசகம் எழுதியிருக்க வேண்டும்: சிறுபோகத்துக்கு நாற்றுமேடை போடுவதற்கு முன்பே அந்த வருடத்து இறக்குமதி வரி தெரிந்திருக்க வேண்டும், ஏற்றுமதியை நிறுத்துவதென்றால் மாதக்கணக்கில் முன்னறிவித்தல் வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைகளில் தம்புள்ளைக்காரர் ஒருவரும் நாலாம் குறுக்குத் தெருக்காரர் ஒருவரும் உட்கார வேண்டும்.

அன்று கடையிலிருந்து புறப்படும்போது அந்த ஐயா விதை விலையைச் சொல்லி அலுத்துக்கொண்டார். எங்கிருந்து வாங்கியது என்று மாமா கேட்டார். இந்திய விதைதான். பிறகு என் பக்கம் திரும்பி, "துவ (மகள்), வர்த்தமானியில வரி மாறினா எனக்கு ஒரு மெசேஜ் போடுறீங்களா?" என்று கேட்டு, நம்பரை மெதுவாக ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.