அந்த ஒரு வரி எதற்காக?

ஒருவருடைய சொந்த வாழ்க்கை எப்போது செய்தியாகிறது என்று செய்தி மேசையில் இருப்பவர்களைக் கேட்டால், "அவர் பொதுவாழ்வில் இருக்கிறாரா என்று பார்ப்போம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். செய்தியாளர்கள் எழுதி அனுப்பும் செய்திப் பிரதிகளை, எங்கள் வழக்கில் காப்பிகளை, திருத்திப் பக்கத்துக்கு ஏற்றும் வேலையில் பல காலம் இருப்பவன் என்ற முறையில், எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பொதுவாழ்வில் இருப்பவருக்கும் ஊருக்குச் சொல்லத் தேவையில்லாத பக்கங்கள் உண்டு; பொதுவாழ்வின் பக்கமே வராத ஒருவர் விபத்தாலோ வழக்காலோ ஒரே நாளில் செய்தியாகிவிடுவதும் உண்டு. ஆளைப் பார்த்து முடிவெடுத்தால் முதலாமவரின் வாழ்க்கை முழுவதும் அம்பலத்துக்கு வந்துவிடும். இரண்டாமவரைப் பற்றிய முடிவு அன்றைய அவசரத்தின் கைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன்: இந்தத் தகவலை எடுத்துவிட்டால், நடந்ததில் எதை வாசகர் புரிந்துகொள்ளாமல் போவார்?

சாலை விபத்துச் செய்திகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். "கணவரைப் பிரிந்து தனியாக வசித்துவந்த இவர், நள்ளிரவில் ஆண் நண்பருடன் காரில் சென்றுகொண்டிருந்தபோது" என்று ஒரு காப்பி தொடங்கும். கார் எதன்மீது மோதியது, சாலையில் விளக்கு எரிந்ததா, அந்த இடத்தில் முன்பும் விபத்து நடந்திருக்கிறதா என்பவை கடைசிப் பத்திக்குத் தள்ளப்பட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. செய்தியாளரைக் கூப்பிட்டுக் கேட்டால், "சார், முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கிறது" என்பார். அவர் சொல்வது உண்மைதான். நேரம் நமக்குத் தேவை, ஏனென்றால் ஓட்டியவரின் களைப்புக்கும் வெளிச்சத்துக்கும் விபத்தோடு தொடர்பு இருக்கலாம். பிரிந்து வாழ்ந்தாரா, உடன் வந்தவர் ஆணா பெண்ணா என்பவை விபத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இறந்தவரின் நடத்தையைப் பற்றி வாசகர் மனத்துக்குள் ஒரு கதை கட்டிக்கொள்ளவே அவை உதவும், அதற்குப் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. உடன் வந்தவர் காயமடைந்தார் என்று எழுதினால் போதும். "நள்ளிரவில்" என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டு "இரவு 12.40 மணிக்கு" என்று எழுதச் சொல்வேன், மணிக்கணக்கு யாரையும் ஜாடையாகக் குற்றம் சொல்வதில்லை.

ஆவணத்தில் இருக்கிறது என்ற வாதத்துக்குச் சட்டத்தில் வலுவான அடித்தளம் உண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதம் இல்லாமல், உண்மையாகவே இருந்தாலும், வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் கூறியது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்ற விலக்கும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதும், அரசு அலுவலர் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்க உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளன. ஆனால் வெளியிடலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. வெளியிட்டே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஏன் வெளியிடுகிறோம் என்ற கேள்விக்கு நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும். வெறும் ஆவலைப் பொதுநலனாகக் கொள்ளக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும் சொல்கின்றன.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் நான் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரானைப் பற்றிச் சொல்வதுண்டு. 1981-ல் பதவிக்கு வந்த அவர், தம் உடல்நிலை குறித்த அறிக்கைகளை முறையாக வெளியிடுவதாக வாக்களித்திருந்தார். அந்த ஆண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. ஆனால் 1992 வரை நாட்டுக்கு அது சொல்லப்படவில்லை, நலமாக இருக்கிறார் என்ற அறிக்கைகள் மட்டும் மருத்துவரின் கையொப்பத்தோடு வந்துகொண்டிருந்தன. இடையில் 1988-ல் மக்கள் அவரை இன்னும் 7 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். நோயைவிட அந்தரங்கமானது அதிகம் இல்லை என்றாலும், வாக்களிக்கப் போகிறவரிடம் அதை மறைத்தது தவறு. திருமணத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மகள் இருந்த விஷயம் வேறு வகை. பத்திரிகையாளர்கள் பலருக்கு அது தெரிந்திருந்தும் எழுதவில்லை. 1994-ல் பாரி மாட்ச் இதழ்தான் படத்தோடு வெளியிட்டது. மகள் இருக்கிறார் என்பது மட்டும் என்றால், நான் எழுதாமல் இருந்தவர்களின் பக்கம். ஆனால் தாயும் மகளும் அரசுக் குடியிருப்பில், அரசுக் காவலோடு வாழ்ந்தார்கள். அதிபர் மாளிகையில் இயங்கிய ஒரு பிரிவு பத்திரிகையாளர்கள் உள்ளிட்டோரின் தொலைபேசிகளைச் சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டது, இந்த ரகசியத்தைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பொதுப்பணமும் அதிகாரமும் எங்கே நுழைந்தனவோ அங்கே செய்தி இருக்கிறது. அதைக்கூட அந்த இளம்பெண்ணின் படம் இல்லாமலே எழுதியிருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்ற வாதத்தை இப்போது சமூக ஊடகங்களைக் காட்டிச் சொல்கிறார்கள், வாதம் பழையதுதான். 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க அதிபர் ஃபோர்டைச் சுட முயன்ற பெண்ணின் கையைத் தட்டிவிட்டவர், கூட்டத்தில் நின்றிருந்த ஒரு முன்னாள் மரைன் படை வீரர். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை, வேண்டாம் என்று அவர் கேட்டும், நாளிதழ்கள் எழுதின. வேறு ஊரில் இருந்த பெற்றோருக்கு அது அதுவரை தெரியாது. குடும்ப உறவே முறிந்தது. அந்த நகரத்தில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்த தகவல் அது என்பதும் காரணமாகி, அவர் தொடுத்த வழக்கு தோற்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் நண்பர்கள் அறிந்திருப்பதும், தாய் நாளிதழைப் பிரித்துப் படித்து அறிவதும் ஒன்றாகிவிடாது.

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவமும் உண்டு. உயர் அலுவலர் ஒருவர் வீட்டுத் திருமணத்தின் ஆடம்பரத்தை விவரித்து ஒரு செய்தியாளர் எழுதியிருந்தார். அவர் வீட்டு விசேஷம், அவர் செலவு என்று சொல்லி நிறுத்திவைத்தேன். செய்தியாளர் விடவில்லை. மண்டபத்துக்கும் சமையலுக்கும் பணம் கட்டிய ரசீதுகளைத் தேடிப் பிடித்தார். அவை ஓர் ஒப்பந்தக்காரரின் பெயரில் இருந்தன, அந்த ஒப்பந்தக்காரரின் பில் அதே அலுவலரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. இருவரும் உட்கார்ந்து காப்பியை முதலிலிருந்து மாற்றி எழுதினோம். ரசீதின் தேதி, தொகை, நிலுவையில் இருந்த பில், அலுவலரின் விளக்கம் எல்லாம் வந்தன. நகைகளும் விருந்தினர் பட்டியலும் போயின. மணமகளின் படம் கைவசம் இருந்தது, பக்கத்தில் இடமும் இருந்தது. அதைப் போடவில்லை, மணமக்களின் பெயர்களையும் எழுதவில்லை.