பாடக்குறிப்பின் மேலே ஒரு வசனம்

கடந்த சனிக்கிழமை மட்டக்களப்பின் புளியந்தீவில், கிறிஸ்தவ உலகநோக்கோடு கற்பிப்பது பற்றிய ஆசிரியர் செயலமர்வொன்றை நடத்தினேன். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளில் (அரச உதவியோடு திருச்சபைகள் போன்ற சமய அமைப்புகள் நடத்தியவை) பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்ற பின்னர், கிறிஸ்தவ நோக்கோடு கற்பிக்கும் பணியின் பெரும்பகுதி தனித்தனி ஆசிரியர்களின் தோளில் விழுந்தது என்றே கருதுகிறேன்.

விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கண்டல் தாவரங்கள் பற்றிய பாடக்குறிப்பைக் கொண்டுவந்திருந்தார். மேலே சிவப்பு மையில் ஆதியாகமம் 2:15. கீழே வழமையான பாடம். வசனத்தை அழித்துவிட்டால் பாடத்தில் என்ன மாறும் என்று கேட்டேன். சற்று யோசித்து, "ஒண்டும் மாறாது, சேர்" என்றார். (அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.)

பிறகு சேர்ந்து மாற்றி எழுதினோம். ஒட்சிசன் குறைந்த சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் மேல்நோக்கி வளர்வதைப் பிள்ளைகள் வாவிக்கரையில் பார்த்து வரைய வேண்டும். அந்த வசனம் சொல்வதுபோல் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான் என்றால், அந்தக் கரையில் குவியும் பொலித்தீனுக்கு யார் பொறுப்பு என்று அவர்களே விவாதிக்க வேண்டும். வகுப்பில் சைவப் பிள்ளைகளும் இருப்பதால், விடையைத் திணிக்காமல் கேள்வியாகவே விடவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று நாம் நம்பும் பிள்ளைகளைத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளின்படி வரிசையாக உட்காரவைப்பது பற்றிப் பேச நேரம் போதவில்லை. அடுத்த அமர்வு அதிலிருந்தே தொடங்கும்.