அப்பல்லாம் அது வரலைய்யா

"அப்பல்லாம் அது வரலைய்யா" என்று சொன்னேன். பெரியவர் "அப்படியா தாயி" என்று கேட்டுக்கொண்டு கண் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தில் கட்டைவிரலை அழுத்தினார். மையைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். 2017 மார்ச்சில் நடந்தது இது. இன்றைக்கும் புது பேட்ச் பிள்ளைகள் முன்னால் நின்று பேசத் தொடங்கினால், முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த மை பட்ட கட்டைவிரல்தான்.

அவர் கேட்டது நேரான கேள்வி. வலது கண்ணில் புரை முற்றிப்போய் வந்திருந்தார். மாதிரிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, புரையை எடுத்துவிட்டு இந்த லென்ஸை உள்ளே வைப்போம், ஆயுசுக்கும் அது உள்ளேயே இருக்கும் என்று வழக்கம்போல விளக்கினேன். லென்ஸை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். சோடாபுட்டிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுக்காணு சாமான். அன்னிக்கு இந்தக் கண்ணுக்கு ஏன் தாயி வைக்கலை?"

இந்தக் கண் என்று அவர் தொட்டுக் காட்டியது இடது கண். 1989இல் எங்கள் மருத்துவமனையின் இலவசக் கண் கேம்ப்பில்தான் அதற்கு ஆபரேஷன் ஆகியிருந்தது.

அந்தக் கண்ணாடியைப் போட்டு வாழ்ந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். புரையை அதன் பையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிடுவார்கள். கண்ணுக்குள் இருந்த லென்ஸின் வேலையை வெளியே இருக்கும் கண்ணாடி செய்ய வேண்டும். பவர் பத்து, பதினொன்று என்று இருக்கும். எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். நிலைப்படி வளையும். பக்கவாட்டில் வருகிற சைக்கிள் ஒரு கணம் காணாமல் போய், திடீரென்று முகத்துக்கு நேராக வந்து நிற்கும். கண்ணாடி உடைந்தால் ஆபரேஷனே செய்யாத மாதிரிதான். இவருக்கு ஒருமுறை பஸ் நெரிசலில் விழுந்து உடைந்திருக்கிறது. புதுசு வாங்கும் வரைக்கும் பதினோரு நாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று அவரே சொன்னார். பருத்தி மண்டியில் எடை போடுகிற வேலை அவருக்கு. தராசு முள்ளை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் இருபது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்.

நான் சொன்ன பதில் பொய். தெரியாமல் சொன்னேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. 2009இல் பழைய ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை எனக்கும் இன்னொரு சிஸ்டருக்கும் கொடுத்திருந்தார்கள். நாலு மாதம் அதே வேலை. எண்பதுகளின் கடைசி வருடங்களில் 'லென்ஸ்' என்று ஒரு கட்டம் புதிதாக வருகிறது. கட்டணப் பிரிவு நோயாளிகளுக்கு நேரே அதில் 20, 21.5 என்று பவர் எழுதியிருக்கும். கேம்ப் நோயாளிகளுக்கு நேரே ஒரு சின்னக் கோடு. பக்கம் பக்கமாகக் கோடு. டைப் அடிக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா என்று கேட்டோம். விடலாம் என்றார்கள், விட்டோம். 1989ஆம் வருட ரிஜிஸ்டரில் பாதியை ஏற்றியது நான்தான். பெரியவரின் பெயர் என் கை வழியாகவே போயிருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கண் மருத்துவத்தின் கதையைச் சொல்லித் தருவது என் பொறுப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு அது. பதினெட்டு வயதில் கிராமத்திலிருந்து வந்து நான் கேட்ட முதல் வகுப்பும் அதுதான்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டரிலிருந்து தொடங்குவேன். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்து உள்ளே தங்கிவிட்டன. கண் அதைப் பகையாக நினைத்துச் சீறவில்லை, சும்மா விட்டுவிட்டது. ரிட்லி அதைக் கவனித்து வைத்திருந்தார். பிறகு ஒருநாள் புரை ஆபரேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29 அன்று, அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ரிட்லி வைத்தார். சக டாக்டர்களில் பலர் பல வருடம் அவரை எதிர்த்தார்கள். பிற்காலத்தில் அவர் கண்களிலேயே லென்ஸ் வைத்தார்கள்.

அடுத்து மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி பிரசவ மருத்துவம் படிக்க நினைத்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களோடு லட்சம் ஆபரேஷனுக்கு மேல் செய்தார். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுப்பவர் கொடுக்கிற பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் ஆபரேஷன். டாக்டர் ஒரு மேஜையில் முடிக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் வெட்டுகிற, தைக்கிற வேலையை மட்டும் பார்க்க, மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்ப்பார்கள். இந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மலரும். அது அவர்களைப் பற்றிய கதை. என்னைப் பற்றிய கதையும்கூட.

கடைசியாக 1992. நூறு டாலர் அளவில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸை மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் செய்யத் தொடங்கியது. பத்து டாலர் அளவுக்கு விலை இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. "அதனால்தான் இன்றைக்கு நம் கேம்ப்பில் வரும் பாட்டிக்கும் லென்ஸ்" என்று சொல்லி வகுப்பை முடிப்பேன். கை தட்டுவார்கள்.

1949, 1976, 1992. பல வருடம் இதைப் படிக்கட்டு போலத்தான் சொல்லி வந்தேன். படிகளுக்கு நடுவே ஆட்கள் நிற்கிறார்கள் என்பது அந்தக் கதையில் வரவே வராது. என் எதிரில் ஒருவர் வந்து உட்காரும் வரைக்கும் எனக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வார்டு சுற்றுக்குப் போனேன். பெரியவரைக் கண் இமை முடி வெட்டி, நெற்றியில் வலது பக்கம் பிளாஸ்திரி ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள். பேத்தி பக்கத்தில் இருந்தாள். என் குரல் கேட்டு அடையாளம் கண்டுகொண்டார்.

"எங்க முதலாளிக்கு வச்சாங்க தாயி. அதே மாசம். இங்கனதான். அவரு கண்ணாடி இல்லாம மண்டிக்கு வருவாரு."

நான் நின்றேன்.

"சரி. வரலைன்னா வரலை" என்றார். கோபமே இல்லை. நான் கொடுத்ததை எனக்கே பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார். ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பேத்தி கேட்டாள். ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்காக நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். அன்று காலையில் நாற்பது பேருக்கு மேல் வரிசையில் இருந்தார்கள். மறுநாள் ஆபரேஷன் இருப்பவரிடம் இருபத்தெட்டு வருடக் கணக்கைத் திறந்தால் ரத்த அழுத்தம் ஏறும். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? இடது கண்ணில் இனி லென்ஸ் வைப்பது நல்லதில்லை என்று டாக்டர் ஏற்கெனவே எழுதிவிட்டார். அதோடு, 1989இல் அந்த ஆபரேஷன் கிடைத்திருக்காவிட்டால் அவர் தராசு முள்ளையே பார்த்திருக்க மாட்டார். கட்டணப் பிரிவில் லென்ஸ் வைத்த முதலாளியின் பணமும் சேர்ந்துதான் இவர் வந்த பஸ்ஸுக்கு டீசல் போட்டது. இதெல்லாம் உண்மை. ஒன்றுகூட இட்டுக்கட்டியது இல்லை.

லென்ஸ் எல்லோருக்கும் சரிப்படுமா என்ற சந்தேகமும் அப்போது நேர்மையான சந்தேகம்தான். உள்ளே ஒரு பொருளை வைத்து அனுப்பினால், சீழ் பிடித்தாலும் திரும்பி வர பஸ் காசு இல்லாதவர் என்ன செய்வார்? தினம் நூறு ஆபரேஷன் செய்கிற இடத்தில் அது பத்திரமாக நடக்குமா? இதைத் தீர்க்கவே மதுரையில் ஒரு ஆய்வு செய்தார்கள். புரையால் பார்வை போன 3,400 பேரைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறு பாதிக்கு லென்ஸும். 1998இல் முடிவு வந்தது. இரண்டு தரப்பாருக்கும் பார்வை கிடைத்தது, லென்ஸ் வைத்தவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள், பயந்தது நடக்கவில்லை. இதையும் நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஆனால் இந்த வாதம் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. பத்திரமா என்ற சந்தேகம் முதலாளியின் கண்ணுக்கு எழவில்லை. அவரிடம் கேட்டார்கள், அவர் வைத்துக்கொண்டார். இவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பணம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும், இப்படி ஒன்று இருக்கிறது, உங்களுக்கு இப்போது கொடுக்க முடியவில்லை என்று ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். 1989இல் சொல்லவில்லை. 2017இல் சொல்ல எனக்கு வாய்ப்பு வந்தது, நானும் சொல்லவில்லை. அவருக்காக மறைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். சில ராத்திரிகளில் என் வகுப்புக் கதையைக் காப்பாற்றத்தான் மறைத்தேனோ என்று தோன்றும். கை தட்டு வாங்கும் கதை அல்லவா அது.

அடுத்த வருடம் வகுப்பை மாற்றினேன். 1992க்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, ரிஜிஸ்டரில் இருந்த கோடுகளைப் பற்றிச் சொன்னேன். பெரியவரைப் பற்றிச் சொல்லவில்லை, கோடுகளைப் பற்றி மட்டும். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தது.

"மேடம், அப்ப இன்னிக்கு எந்தக் கட்டத்துல கோடு போடுறோம்?"

யாரையும் மடக்கக் கேட்ட கேள்வி இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இலவசப் பிரிவில் நாங்கள் சிறு துளையில் கையால் புரையை எடுத்து, மடங்காத லென்ஸ் வைக்கிறோம். கட்டணப் பிரிவில், ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிற பேக்கோ மெஷினும் மடக்கு லென்ஸும். கையால் செய்கிற முறை கெட்டிக்கார முறை. மெஷின் வேண்டாம், பெரும்பாலும் தையல் வேண்டாம், நன்றாக முற்றிய புரைக்கு அதுதான் தோதானது. கைதேர்ந்த டாக்டர் செய்தால் பார்வை பேக்கோவுக்குக் கிட்டத்தட்ட நிகராக வரும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இதைத்தான் அவளுக்குச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று முடித்தேன்.

சொல்லி முடித்த அன்றே மத்தியானம் கட்டணப் பிரிவு மேஜையில் எனக்கு டியூட்டி. ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். எந்த லென்ஸ் வைக்கலாம் என்று கேட்டார். "மடக்கு லென்ஸ் நல்லதுங்க சார். துளை சின்னது, சீக்கிரம் ஆறிடும், வேலைக்கும் சீக்கிரம் திரும்பிடலாம்" என்றேன். அதுவும் உண்மைதான். வாத்தியார் அதையே எடுத்துக்கொண்டார்.

காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒரே வாய். அந்தப் பணத்தில்தான் அடுத்த கேம்ப் நடக்கிறது என்று திரும்பவும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி அப்படியே நிற்கிறது. வகுப்பில் இப்போது கோடுகளைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று வருடா வருடம் யோசிக்கிறேன். சில வருடம் சொல்கிறேன். போன வருடம் சொல்லவில்லை, நேரம் இல்லை என்று ஒரு காரணம் இருந்தது.

பெரியவர் ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி பவர் பார்க்க வந்தார். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன். கடைசியாகத்தான் என் மேஜைக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன், வரிசை இல்லாமல் பேசலாம் என்று. வலது கண் தெளிவாக வந்திருந்தது. சுவரிலிருந்த பலகையில் பெரிய எழுத்துகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். சோடாபுட்டிக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதைப் போட்டா இப்ப ரெண்டு ரெண்டாத் தெரியுது தாயி."

அப்படித்தான் தெரியும். ஒரு கண்ணில் உள்ளே லென்ஸ், இன்னொரு கண்ணில் வெளியே கண்ணாடி. ஒன்றில் ஆள் சரியான அளவு, மற்றதில் கால் பங்கு பெரிய ஆள். மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது. இனி இடது பக்கக் கண்ணாடி வேண்டாம், வலது கண்ணை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"அப்ப இந்தக் கண்ணு?"

"அது சும்மா இருக்கட்டும்ய்யா."

"இத்தனை வருசம் இதுதான பாத்துச்சு" என்றார்.

ஐயா, அன்னிக்கு நான் சொன்னது சரியில்ல என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொன்னாரா, விடை பெற்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பேத்தி மருந்துச் சீட்டை நீட்டி, சொட்டு மருந்து இனி எத்தனை வேளை என்று கேட்டாள். இந்த வாரம் ரெண்டு வேளை, அடுத்த வாரம் ஒரு வேளை, அப்புறம் நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.